மஞ்சக்காரியின் விதை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா? பம்பு நிலையத்தின் ஈரத்தில் ஒரு சால்வைகூடப் போர்த்தாமல் படுத்திருப்பாய், எனக்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன். உன் அத்தானைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒற்றை அறை. நான் போனை எடுத்தால் போதும், கட்டிலில் கிடக்கும் மனிதருக்குக் காது நீண்டுவிடுகிறது. போனது நுரையீரல் மட்டும்தான், காது பாம்புக்காது. டாக்டர் என்னை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு, "மழைக்காலம் தாண்டறது கஷ்டம்மா" என்றார். இவருக்கு இது தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று இவரும் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பம்பு நிலையத்துக்குப் பின்னால் சேற்றில் நிற்கிறாளே மஞ்சக்காரி, அந்த மஞ்சள் பூச்செடி, அவளுடைய விதை வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்திய காலத்திலிருந்து இவர் வருஷா வருஷம் உன்னிடம் வந்து, முழங்கால் சேற்றில் இறங்கி, செருப்பைத் தொலைத்து எழுதிய கட்டுரையில் மற்ற எல்லாம் இருக்கிறது. தண்டு, முள், இலை, பூ, மண், தண்ணீர். விதைக்கு விட்ட இடம் மட்டும் காலி. காய் முற்றுவதற்குள் வண்டு குடைந்துவிடுகிறது. தப்பித்த காய் வெடித்த அன்றே கடல் தண்ணீர் ஏறி விதையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. "வேலியோரத்துல நிக்கிற காட்டுச் செம்பருத்திதான் இதுவும்னு சொல்லி எல்லாரும் சிரிக்கிறாங்க. விதைய மட்டும் பாத்துட்டேன்னா கட்டுரைய முடிச்சிடுவேன்" என்கிறார்.

பச்சைக் காயாக இருக்கும்போதே மெல்லிய வலைத்துணியில் பை தைத்துக் கட்டிவிட வேண்டுமாம். செய்வாய்தானே? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். இருமல் விட்டுவிட்டது. நீ கொடுத்த சால்வை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, திட்டாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அத்தானை நினைத்து அடுப்பையே பற்றவைக்காமல் இருந்துவிடாதே.

என் கொசுவலையைக் கிழித்துப் பைகள் தைத்தேன். இப்போது கொசு என்னைத் தின்கிறது. இந்த ஆராய்ச்சிக்கு மச்சினனும் ரத்தம் கொடுத்தான் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்.

விடியும்போது இறங்கினேன். வாய்க்கால் தண்ணீரும் உப்புத்தண்ணீரும் கலக்கிற அந்த ஒற்றை வரிசையில்தான் நிற்கிறாள். கொஞ்சம் கடல் பக்கம் போனாலும் இல்லை, கொஞ்சம் மேட்டுப் பக்கம் ஏறினாலும் இல்லை. மதகு வழியாக உப்புத்தண்ணீர் தினமும் உள்ளே வந்து வேரை நனைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். போன வருஷம் அத்தான் சொன்னார்: "உன் அக்கா மாதிரிதான்டா இவளும். உப்பும் இனிப்பும் அளவா இருக்கணும். கொஞ்சம் கூடினாலும் முகம் வாடிடும்." உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். சொல்லிவிட்டேன்.

என் தலைக்கு மேல் ஒரு முழம் வளர்ந்திருக்கிறாள். தண்டில் கீழ்நோக்கி வளைந்த சின்ன முட்கள். கையை உள்ளே விடும்போது சும்மா இருக்கும், வெளியே இழுக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். அடி இலை மூன்று விரலாக விரிந்திருக்கிறது. மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் வெறும் ஈட்டி முனை. பூவுக்கு அடியில் ஊசி ஊசியாக ஒரு பச்சை வளையம், அதற்குள் பச்சைக் கிண்ணம் ஒன்று. பிறகு ஐந்து மஞ்சள் இதழ்கள். ஒவ்வொன்றும் பக்கத்து இதழின் மேல் பாதி ஏறி நிற்கிறது. அடியில் கருஞ்சிவப்பு. நடுவில் ஒரு குழாய், அதன் நெடுக மகரந்தப் பொடி, நுனியில் குண்டூசித் தலைபோல ஐந்து சிவப்புப் புள்ளிகள். பம்பு மெக்கானிக்குக் குழாய் பிடிக்காமல் போகுமா? நான் பை கட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவளும் சுருட்டிக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் பூ சிவந்து சேற்றில் உதிர்ந்து கிடந்தது.

காய்கள் எல்லாம் பச்சை. முற்றியதும் அனுப்புகிறேன். நேற்று மேலதிகாரி காரில் வந்து மதகைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இங்கே இவருக்கு மூச்சு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மருந்தினால் அல்ல, உன் கடிதத்தினால். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். "பாரு, என் ஸ்டூடண்ட்ஸ்ல ஒருத்தன்கூட இப்படி எழுதினதில்ல" என்று பெருமை வேறு. உப்பு இனிப்புக் கதையைப் பற்றிக் கேட்டேன். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல நடிகர்.

கட்டுரையைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார். காலி இடத்துக்கு எதிரே பென்சிலில் "மச்சினன் அனுப்புவான்" என்று எழுதி வைத்திருக்கிறார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்குவதாகச் சொன்னேன். "கையில வெங்காயமே இல்லையே" என்றார்.

காய் எப்படி இருக்கிறது என்று வாரம் ஒரு வரியாவது எழுது. அவருக்கு அதுதான் இப்போது சாப்பாடு.

அக்கா


மே 24

தம்பி,

நலமாக இருக்கிறாயா என்று கேட்பதற்குக்கூட பயமாக இருக்கிறது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் "மோட்டார் ஓடுது, கேக்கல" என்று வைத்துவிடுகிறாய். அந்த மோட்டாருக்கு ஓய்வே கிடையாதா?

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இவர் என்னைப் பார்க்கிறார். நான் வாசலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். இந்த நடை எனக்கு அலுத்துவிட்டது. உனக்கு என்ன கஷ்டம் இருந்தாலும் எழுது. உடம்பு சரியில்லையா?

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தான் எப்படி இருக்கிறார்? மூச்சுக்கு வைக்கும் கருவியின் தண்ணீரை நீ தினமும் மாற்றுகிறாயா? அதில் பாசி பிடிக்க விடாதே.

இங்கே வேலை அதிகம். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதிது வைத்திருக்கிறார்கள். குழாய்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். மதகுச் சக்கரம் துருப்பிடித்து நகரவே மாட்டேன் என்றது. நான்தான் எண்ணெய் விட்டு, இரும்புக் கம்பி கொடுத்துச் சுற்றினேன். கை இன்னும் வலிக்கிறது. நிலையத்துக்கு முன்னால் புதிதாக வேலி போட்டிருக்கிறார்கள். எனக்கு நாற்காலி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், சாய்ந்து உட்காரலாம். சமையலுக்கு அடுப்பும் மாற்றிவிட்டேன்.

காய் வரும் என்று அத்தானிடம் சொல்.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

கை வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே நிலைமை சரியில்லை. போன வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம். இனி அங்கே கொண்டுபோய்ப் பயன் இல்லை என்பதை எவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நாகரிகமாகச் சொன்னார்கள்.

உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நாற்காலியப் பத்தி எழுதியிருக்கான், அடுப்பப் பத்தி எழுதியிருக்கான். பூவப் பத்தி ஒரு வார்த்த இல்லையே" என்றார். வேலை மும்முரம் என்று சமாளித்தேன். "மதகுச் சக்கரத்த எந்தப் பக்கம் சுத்தினான்னு கேளு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

தம்பி, காய் முற்றியதோ முற்றவில்லையோ, இருப்பதை அனுப்பிவிடு. நான் வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. இனி கேட்கவும் மாட்டேன்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இத்துடன் பிஸ்கட் டப்பாவில் காய்கள் வைத்து அனுப்பியிருக்கிறேன். நன்றாக முற்றிக் காய்ந்தவை. குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்கிறது. அத்தானிடம் கொடு. கட்டுரையை முடிக்கச் சொல்.

சக்கரத்தைத் திறக்கிற பக்கம்தான் சுற்றினேன்.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? டப்பா வந்து சேர்ந்தது. என்ன நடந்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன்.

இவரைச் சாய்த்து உட்காரவைத்து, மடியில் பலகை வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தேன். நான் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். காயை விரலால் நசுக்கினார். விதை கொட்டியது. பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ரோமம் இருக்கு" என்றார்.

எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். இலையும் முள்ளும் தண்ணீருக்குத் தக்கபடி மாறுமாம். அதை வைத்துத் தனிச் செடி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். காயைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம். விதை ஒன்றுதான் சாட்சியாம். வேலியோரச் செடியின் விதையில் பழுப்பு ரோமம் இருக்கும். மஞ்சக்காரி தண்ணீரில் விதையை விடுகிறவள், அவள் விதை மொழுமொழுவென்று இருக்கும் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தார். என்னிடம்கூட முன்னால் சொன்னதில்லை. சொன்னால் பலிக்காதோ என்ற பயமாம்.

"நான்தான் ஏமாந்துட்டேன். சிரிச்சவங்க சரியாத்தான் சிரிச்சிருக்காங்க. இது அதேதான்" என்று சிவப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். நான் தாங்க முடியாமல் அழுதேன். இவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். "விடு. நான் போனா அவளும் போயிடுவாளோன்னு பயந்துட்டே இருந்தேன். ரோட்டோரமெல்லாம் பூக்கிறவளுக்கு என்ன கேடு வரப்போகுது?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். மிச்ச விதையைத் தொட்டியில் ஊன்றச் சொன்னார். ஜன்னலோரம் ஊன்றியிருக்கிறேன்.

அவர் தூங்குகிறார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்க ஒன்றுமில்லாததன் பின்னால் ஓடினேன் என்று நினைத்துக்கொண்டு சாக வேண்டுமா? உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்டதை அனுப்பினாய். மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 16

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. போனில் சொல்லலாம் என்று நேற்று கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நான் அனுப்பியது மஞ்சக்காரியின் காய் இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வேலியோரம் பறித்தது.

மஞ்சக்காரி இல்லை, அக்கா. ஏப்ரலில் உத்தரவு வந்தது. பின்னால் இருக்கிற நிலத்தை மண் போட்டு உயர்த்திக் கிடங்கு கட்டப் போகிறார்கள், மதகை நிரந்தரமாக மூட வேண்டும் என்று. "பின்னாடி ஒரு செடி இருக்கு சார், வேற எங்கயும் இல்லாதது" என்றேன். "செடி எங்கதான்யா இல்ல?" என்று கேட்டார் அதிகாரி. அத்தானாக இருந்தால் பதில் சொல்லியிருப்பார். சக்கரத்தை நான்தான் சுற்றினேன், மூடுகிற பக்கம். துருப்பிடித்திருந்தது, அதுகூட வேண்டாம் என்றது, நான் எண்ணெய் விட்டுச் சுற்றினேன்.

உப்புத்தண்ணீர் நின்றதும் அடி இலைகள் பழுத்தன. பிறகு உச்சி வரைக்கும் உதிர்ந்து, என் கொசுவலைப் பைகள் மட்டும் வெறுங்கொம்பில் தொங்கின. அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் சூம்பிப்போயிருந்தது. ஒரு காயில் மட்டும் உள்ளீடு இல்லாத நாலைந்து சப்பி விதைகள் இருந்தன. ரோமம் இல்லை, அக்கா. மொழுமொழுவென்று, தேய்த்த பித்தளைபோல இருந்தன. அதுதான் சாட்சி என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! அனுப்பினால் செடி செத்தது அத்தானுக்குத் தெரிந்துவிடுமே என்று உள்ளங்கையில் வைத்து ஊதிவிட்டேன். மறுநாள் மண்வாரி இயந்திரம் வந்தது. இருக்கிற கரையெல்லாம் தேடினேன், ஒரு கன்றுகூட இல்லை.

ஏதோ ஒரு விதையைப் பார்த்தால் காலி இடம் நிரம்பிவிடும், மனுஷன் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். முட்டாள். அவர் ஏமாறவில்லை, நான்தான் ஏமாற்றினேன். உடனே சொல்லிவிடு. அவர் கண்டதுதான் சரி என்று தெரிந்துகொண்டாவது போகட்டும்.

தம்பி


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? தனியாகப் படுக்கப் பயமாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்.

அன்றைக்குச் செய்தி கேட்டு வந்தேன், வாசலில் செருப்புக் கூட்டத்துக்கு நடுவே நின்றேன், அத்தானைத் தூக்கிக்கொண்டு போனோம், திரும்பி வந்தோம். நீ என்னிடம் "சாப்ட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாய். அத்தனை பேர் முன்னால் கேட்க முடியவில்லை. கடைசி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஒன்றே ஒன்று சொல், அக்கா. என் ஜூலைக் கடிதம் நேரத்துக்கு வந்ததா? அவர் தெரிந்துகொண்டு போனாரா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே நிலையத்துத் தாழ்வாரத்தில் அவர் சேற்றில் தொலைத்த செருப்புகள் ஒற்றை ஒற்றையாகக் கிடக்கின்றன. நானே தோண்டி எடுத்து வைத்தவை. என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பி


அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கடிதம் நேரத்துக்கு வந்தது. ஒரு நாள் முழுக்க அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு எடுத்துப் படித்துக் காட்டினேன். நீ சொன்னதற்காக அல்ல. அந்தச் சிவப்புக் கோட்டை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் தோற்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு வெறி.

சப்பி விதை வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "மொழுமொழுன்னா எழுதியிருக்கான்? திரும்பப் படி." படித்தேன். சிரித்தார், தம்பி. இருமல் வரும்வரை சிரித்தார். "நான் சொன்னேன்ல! பாத்தியா, நான் சொன்னேன்ல!" கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் எனக்குத் தெரிந்த அந்த முகம் கொஞ்ச நேரம் திரும்பி வந்தது. நானும் சிரித்தேன். பிறகு, "அப்ப ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்?" எல்லாக் கரையும் தேடிவிட்டாய் என்றேன். சரி என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதோடு சரி. போகிற வரைக்கும் ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை. தபால் மணி கேட்டால் என்னைப் பார்க்கவில்லை. உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "அவன் சுத்தலேன்னா வேற ஒருத்தன் சுத்தியிருப்பான், அவன்கிட்ட சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன்.

தான் ஏமாந்துவிட்டதாக நம்பியபோது குழந்தை மாதிரி தூங்கினார், தம்பி. சரி என்று தெரிந்த பிறகு ஒரு ராத்திரியும் தூங்கவில்லை. அந்தத் தூக்கத்தை நீ எழுதிக் கெடுத்தாய், நான் படித்துக் கெடுத்தேன். வேலியோரத்தில் அவள் பூத்துக்கொண்டே இருப்பாள் என்ற நினைப்போடு அனுப்பியிருக்கலாம். எனக்கு அவருடைய கட்டுரை பெரிதாகப் போய்விட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்தச் செருப்புகளை அங்கேயே வை. தூக்கிப் போடாதே.

ஜன்னல் தொட்டியில் நீ அனுப்பிய விதை முளைத்து, முழங்கால் உயரம் வந்துவிட்டது. இன்று காலையில் முதல் பூ. மஞ்சள்தான், நடுவில் கருஞ்சிவப்பு. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு! சார் வச்ச செடியா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று எழுந்துபோய்த் தண்டைப் பிடித்தேன். பிடுங்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

அக்கா